காயாத நீலம்

எழுந்து போய்ச் சொல்லிவிட வேண்டியதுதான், இதில் யோசிக்க என்ன இருக்கிறது, பெனிட்டா பாப்பா, அந்தக் கிட்டாரை மடியில் வைக்காதே, பெயின்ட் காயவில்லை, ஒரு துண்டை விரித்து அதன்மேல் வைத்துக்கொள், அவ்வளவுதான், ஒரே மூச்சில் சொல்லி முடிக்கிற விஷயம். நான் எழவில்லை. சட்டை முதுகோடு ஒட்டி, முதுகு பிளாஸ்டிக் நாற்காலியோடு ஒட்டி, நானும் இந்த நாற்காலியும் ஒன்றாகிவிட்ட மாதிரி இருக்கிறது. கோயிலில் குருவானவர் ஆசீர்வாதம் சொல்லி முடித்து, கூட்டமெல்லாம் பக்கத்துப் பாரிஷ் ஹாலுக்கு வந்து உட்கார்ந்து, மின்விசிறிகள் வெக்கையை அங்கிருந்து இங்கே தள்ளிக்கொண்டிருக்கின்றன. மேடையில் பெனிட்டா. தலை முதல் கால் வரை வெள்ளைப் பட்டு. அவளுக்கு வலது பக்கம், பூ வளைவை ஒட்டி, ஒரு ஸ்டாண்டில் நீலக் கிட்டார். கல்யாணப் பெண்ணே கிட்டார் வாசித்துப் பாடப் போகிறாளாம், வாழ்த்துரைகள் முடிந்ததும், அழைப்பிதழிலேயே போட்டுவிட்டார்கள். விளக்கு வெளிச்சத்தில் அது குளத்துத் தண்ணீர் மாதிரி மின்னுகிறது. நான் அடித்த பெயின்ட். அதற்கு மேலே பளபளப்புக்கு நான் அடித்த கிளியர். கொஞ்சம் மின்னாமல் இருந்திருக்கலாம். மின்னுகிற பொருளைத்தான் எல்லோரும் கையில் எடுப்பார்கள்.

என்ன பெயின்ட் என்று கேட்டாள். அதுதான் திரும்பத் திரும்ப ஞாபகம் வருகிறது. வண்டிகளுக்குப் பெயின்ட் அடிக்கிற என் பட்டறைக்குள் வந்து, பம்பர் கழற்றிப் போட்டிருந்த காருக்குப் பக்கத்தில் நின்று, உறையைத் திறந்து கிட்டாரை வெளியே எடுத்து, குழந்தையைக் காட்டுகிற மாதிரி என்னிடம் காட்டி, ஹாஸ்டல்ல ஒரு அக்காகிட்ட வாங்குனது அண்ணாச்சி, இதுலதான் நான் வாசிக்கவே படிச்சேன், இந்த நீலம் மாறக் கூடாது, மேல மட்டும் பளபளன்னு ஆக்கித் தரணும் என்றவள், கொஞ்சம் தயங்கி, இதுல அடிச்சிருக்கது என்ன பெயின்ட்டுன்னு தெரியுமா, ஒண்ணுக்கு மேல இன்னொண்ணு ஒத்துக்கிடாதுன்னு ஒரு வீடியோவுல சொன்னாங்க என்றாள். எவ்வளவு சரியான கேள்வி. அந்த ஒரு கேள்விதான் இந்தத் தொழிலே. நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் காது சுடுகிறது. வீடியோவப் பாத்துட்டா வந்திய, என் கையில ஓடுன வண்டிய எல்லாம் வரிசையா நிப்பாட்டுனா ரயில்வே கேட்டுவரைக்கும் போகும் பாப்பா, பெயின்ட்ட பாத்தாலே தெரியும், இது பி.யு., கம்பெனி வேலை என்றேன். உள்ளங்கையால் ஒருமுறை தடவிக்கூடக் காட்டினேன், ஏதோ மாட்டு வியாபாரி மாதிரி. அவள் நம்பினாள். நம்பிவிட்டு, ஸாரி அண்ணாச்சி, சும்மா கேட்டேன் என்றாள். அன்றைக்கே அவள் ஸாரி சொல்லியிருக்கிறாள், இப்போதுதான் அது ஞாபகம் வருகிறது.

ஒரு துணி. ஒரு சின்னத் துணியைப் பெயின்ட் கரைக்கிற தின்னரில் நனைத்து, ஆணி மறைகிற இடத்தில், யார் கண்ணிலும் படாத ஓரத்தில், லேசாக வைத்து எடுத்தால் போதும். துணியில் நிறம் கரைந்து வந்தால் லாக்கர், தின்னரிலேயே கரைகிற மெல்லிய வார்னிஷ். ஒன்றுமே ஆகாமல் கல் மாதிரி இருந்தால் பி.யு., புதுக் காருக்கு அடிக்கிற பெயின்ட். தோல் சுருங்கினால் எனாமல், கதவுக்கும் ஜன்னல் கம்பிக்கும் அடிக்கிற பெயின்ட், அதன் மேல் லாக்கரைக் கொண்டுபோகவே கூடாது, லாக்கரில் இருக்கிற தின்னர் அதைத் தின்றுவிடும். பட்டறையில் கால் வைத்த எவனும் முதலில் செய்கிற காரியம் இது. எந்தப் பழைய வண்டி வந்தாலும் நான் செய்கிற காரியம், கை தானாகவே துணியைத் தேடிப் போகும். அன்றைக்கும் போனது. அவள் நின்றுகொண்டிருந்தாள். பார்த்தாலே தெரியும் என்று வாயால் சொன்னவன் அவள் கண் முன்னால் துணி வைத்து எப்படிப் பார்ப்பது? போன பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று துணியை வைத்துவிட்டேன். போன பிறகும் பார்க்கவில்லை. அவள் போய்விட்டாள், நான் சொன்ன சொல் அங்கேயே நின்றது. பார்த்தால் தப்பாகிவிடுமோ என்றுகூடப் பார்க்காமல் இருந்திருப்பேன், யார் கண்டது, என் மனசை நானே இதுவரை துணி வைத்துப் பார்த்ததில்லை. இதில் இன்னொரு பெருமை வேறு. விலை கூடின கிட்டாருக்கெல்லாம் லாக்கர்தான் அடிப்பார்கள், சத்தம் அமுங்காது என்று யாரோ சொல்லிக் கேட்டிருந்தேன். பி.யு. இருக்கிற இடத்தில் அதையே அடித்துவிட்டுப் போகாமல், இல்லை, நம் பாப்பாவுக்கு லாக்கர்தான் என்று மதுரையிலிருந்து வரவழைத்தேன். முதல் தடவை அடித்தபோது அழகாக உட்கார்ந்தது. அதுதான் மோசம். இரண்டாம் தடவை கொஞ்சம் தாராளமாக ஈரமாக அடித்துவிட்டு, ஸ்ப்ரே துப்பாக்கியைக் கீழே வைத்துத் திரும்பினால், ஆறின பாலில் ஆடை சுருங்குகிற மாதிரி கிட்டாரின் வயிறு பூராவும் சுருங்கிக்கொண்டிருந்தது. என் கண் முன்னால், சத்தமே இல்லாமல். எனாமல். ஹாஸ்டல் அக்கா இரும்புக் கேட்டுக்கு அடித்த மிச்சத்தை அடித்திருக்கிறாள் போலிருக்கிறது. எங்கேயோ இருக்கிற அந்த அக்காவை அன்றைக்கு நான் திட்டிய திட்டை வெளியே சொல்ல முடியாது.

அப்போதாவது போன் போட்டிருக்கலாம். பாப்பா, தப்பாப் போச்சு, மொத்தத்தையும் சுரண்டி எடுத்து முதல்ல இருந்து அடிக்கணும், கல்யாணத்துக்கு ஆகாது, வேற கிட்டார் பாத்துக்கோ. சுரண்டுகிற வேலை எனக்குப் பெரிதில்லை, கை வலிக்கும், வலித்தால் வலிக்கட்டும். அந்தப் போனில் வருகிற முதல் வார்த்தைதான் பெரிது. நான் என்ன செய்தேன், சுருக்கத்தையெல்லாம் வாட்டர் பேப்பரால் தேய்த்துச் சமமாக்கி, தேய்ந்துபோன நீலத்துக்கு அதே நீலத்தைக் கலந்து அடித்து, அதுக்கு மேல் பட்டும் படாமல் கிளியரை மெல்ல மெல்ல ஏற்றி, மெழுகு போட்டுத் தேய்த்து, கண்ணாடியாக்கினேன். நன்றாகத்தான் செய்தேன். என் வாழ்நாளில் நான் செய்த நேர்த்தியான வேலை அதுதான் என்றுகூடத் தோன்றுகிறது. ஒரு பொய்க்கு இவ்வளவு பாடுபட்டிருக்கிறேன். ஆனால் அடியில் அந்த எனாமல் தின்னரைக் குடித்துவிட்டுக் களியாகக் கிடக்கிறது. மேலே மூடி போட்டாகிவிட்டது, அது எப்படிக் காயும்? கொடுக்கிற அன்று காலையில் கீழ் ஓரத்தில் கட்டைவிரல் நகத்தை வைத்து அழுத்தினேன். பிறை மாதிரி பதிந்தது. அப்படியே நின்றது. அவள் வாங்க வந்தபோது அந்தப் பிறையை என் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு, இன்னும் நல்லாக் காயணும் பாப்பா, நீ அவசரப்படுத்துனதால தாரேன், கொஞ்ச நாள் தொடாம வச்சா நல்லது என்றேன். காயாது என்று தெரிந்துகொண்டே காயணும் என்றேன். நாளைக்கு ஏதாவது ஆனால் நான்தான் சொன்னேனே என்பதற்கு ஒரு வார்த்தை. அதையும் மெழுகு போட்டுத் தேய்த்த மாதிரிதான் சொன்னேன். அய்யோ அண்ணாச்சி, கல்யாணத்தன்னிக்கு வாசிக்கணுமே என்றாள். பாத்துக்கோ, என்றேன். பாத்துக்கோ. அவளைப் பார்த்துக்கொள்ளச் சொன்னேன்.

இந்தாருங்க, ஏன் இப்பிடி வேர்க்குது, என்று சுகிர்தா முந்தானையை எடுத்து என் கழுத்தைத் துடைக்க வருகிறாள். என் மனைவிக்கு இன்றைக்கு என்னைக் கண்டால் பெருமை தாங்கவில்லை. முன் வரிசையில் திரும்பிப் பார்த்த ஒரு நாகர்கோவில் அம்மாவிடம், மாப்பிள்ளை வீட்டுச் சொந்தமாம், அந்தா தெரியுதுல்லா கிட்டாரு, எங்க வீட்டுக்காரருதான் பெயின்ட் அடிச்சாங்க என்கிறாள். அந்த அம்மா கண்ணாடியைச் சரி செய்துகொண்டு மேடையைப் பார்த்து, புதுசுன்னுல்லா நெனச்சேன் என்று தலையை ஆட்டுகிறாள். நான் செருப்பைப் பார்க்கிறேன். தின்னர் வாடை வருகிறது. அங்கிருந்து இவ்வளவு தூரம் வருமா? வராது. என் விரலில்தான் இருக்கிறது, எப்போதும் இருக்கிறது, சோற்றைப் பிசையும்போதுகூட இருக்கும். இல்லை, அங்கிருந்துதான் வருகிறது, மூடிக்கு அடியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து, பூ வளைவைத் தாண்டி, கேக்கைத் தாண்டி. குருவானவர் மூக்கைத் தேய்த்துக்கொள்கிறார். ஜலதோஷமாக இருக்கும். பெனிட்டாவின் தம்பி ஆரஞ்சு ஜூஸ் தட்டோடு எங்கள் வரிசைக்கு வருகிறான், நல்ல பையன், இவனிடம் சொல்லலாம், இவன் போய் அக்கா காதில் சொல்லிவிடுவான், ஒருவருக்கும் தெரியாது. தம்பி என்கிறேன். என்ன அண்ணாச்சி, என்று குனிகிறான். அவன் முகம் அவ்வளவு கிட்டத்தில். எடுத்துக்கிடுதேன் என்று ஒரு டம்ளரை எடுத்துக்கொள்கிறேன். அவன் அடுத்த ஆளிடம் போகிறான். ஜூஸ் வெதுவெதுப்பாக இருக்கிறது. குடிக்கிறேன்.

ஒட்டாமலும் போகலாம். எதற்கு ஒட்டணும், கையில் எடுத்தால் ஒட்டவில்லையே, மேல் தோல் கெட்டியாகத்தானே இருக்கிறது, மேடையில் கொண்டுவந்து வைத்தவன் கையில் ஒன்றும் ஆகவில்லையே. ஆனால் அவன் கழுத்தைப் பிடித்துத் தூக்கினான், வயிற்றைத் தொடவில்லை. இவள் மடியில் அழுத்தி வைப்பாள். வலது முழங்கையை அதன் தோளில் ஊன்றுவாள். வெக்கை, வேர்வை, மேலே விளக்குச் சூடு, ஒரு பாட்டு முடிகிறவரை அழுத்தம், என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாதா, இந்த ஹாலில் தெரிந்த ஒரே ஆள் நான்தான். பட்டின் நூல் ஒவ்வொன்றும் கிளியரில் பதியும். பிறகு தோல் விட்டுக்கொடுக்கும். அப்புறம் நீலம். அவங்க அம்மா கடைகடையாக ஏறி எடுத்த புடவை, தூய வெள்ளை கிடைக்கவில்லை, சந்தனம்தான் இருக்கிறது என்றவர்களிடம் மல்லுக்கு நின்று எடுத்தது என்று சுகிர்தா சொன்னாள், அதில் மடி பூராவும் நீலம், நாகர்கோவில் கூட்டத்துக்கு முன்னால், வீடியோவில், வாழ்க்கை பூராவும் அந்த வீடியோவைப் போட்டுப் பார்ப்பார்கள். தெரியாமல் நடந்தால் விபத்து. தெரிந்து உட்கார்ந்திருக்கிறேனே, இதற்கு என்ன பேர்? வாழ்த்துப் பாட்டுக்கு எல்லோரும் எழுந்து நிற்கிறார்கள், நானும் நிற்கிறேன், வாயை அசைக்கிறேன், சத்தம் வரவில்லை. சின்ன வயசில் ஓய்வுநாள் பள்ளியில் வசனம் மறந்துபோனால் இப்படித்தான் மற்றவர்களோடு சேர்ந்து வாயை அசைப்பேன், டீச்சர் என்னையும் சேர்த்து நன்று என்பார். ஒருநாளும் பிடிபட்டதில்லை. பிடிபட்டிருந்தால் நல்லதாகப் போயிருக்கும். பாட்டு முடிந்து எல்லோரும் உட்கார்கிறார்கள். நான் உட்காரவில்லை.

நான் நடக்கிறேன். கால் தானாகப் போகிறது, கைக்குட்டை கையில் இருக்கிறது, பெரிய கைக்குட்டைதான், நாலாக மடித்தது, இதை விரித்தால் மடியை மூடும், முழங்கைக்கு யாரிடமாவது ஒரு துண்டைக் கேட்டுக்கொள்ளலாம், என்ன சொல்வது, பாப்பா நான் அன்றைக்குத் துணி வைத்துப் பார்க்கவில்லை என்று ஆரம்பிப்பதா, அது அவளுக்கு என்ன புரியும், காயவில்லை என்று மட்டும் சொன்னால் போதும், இல்லை, காயாது என்று சொல்ல வேண்டும், காயவில்லை வேறு, காயாது வேறு, சொல்லிவிடுவேன், இதோ படி வந்துவிட்டது. கீபோர்டுக்குப் பக்கத்தில் மைக்கோடு நின்ற கிறிஸ்டோபர், பாடகர் குழுவில் வாயாடி, என்னைப் பார்த்துவிட்டான். அவன் முகம் மலர்கிற மலர்ச்சியைப் பார்த்து நான் படியிலேயே நின்றுவிடுகிறேன். இந்தா வந்துட்டாங்க, என்கிறான் மைக்கில், நம்ம பெனிட்டா இன்னிக்கு வாசிக்கப் போற இந்தக் கிட்டாரப் பாத்து ஆளாளுக்குக் கடையில வாங்குனதான்னு கேக்காங்க, இல்ல, நம்ம சபையில உள்ள பொன்சிங் அண்ணாச்சி கைவேலை, எல்லாரும் ஒரு கை தட்டிருவோம். கை தட்டுகிறார்கள். மழை மாதிரி வருகிறது. பெனிட்டா என்னைப் பார்த்து, பூச்செண்டை இடுக்கிக்கொண்டு, அவளும் தட்டுகிறாள். வீடியோக்காரன் விளக்கை என் மூஞ்சியில் திருப்புகிறான். நான் கைக்குட்டையோடு சேர்த்துக் கும்பிடுகிறேன். பல் தெரியச் சிரிக்கிறேன், நான் சிரிப்பது எனக்கே தெரிகிறது, அதே பட்டறைச் சிரிப்பு. பிறகு திரும்பி நடந்து என் நாற்காலியில் வந்து உட்கார்கிறேன். சுகிர்தா என் தொடையில் தட்டி, கண் கலங்குதா உங்களுக்கு என்கிறாள். கலங்கத்தான் செய்கிறது. கைக்குட்டையால் துடைத்துக்கொள்கிறேன். அதற்காவது உதவட்டும்.

வாசிக்கிறாள். யாரும் சத்தம் போடவில்லை, குழந்தைகள்கூட. அவளே மெட்டுப் போட்ட பாட்டாம், வீட்டை விட்டுப் போகிற பெண் அப்பாவிடம் குடையை மறக்காமல் எடுத்துப் போகச் சொல்கிற பாட்டு, அவ்வளவுதான் அதில் விஷயம், அவங்க அப்பா முன் வரிசையில் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே இருக்கிறார். கிட்டார் சத்தம் அமுங்கவே இல்லை, நிறைந்து வருகிறது, லாக்கர்தான் அப்படி என்று ஒரு கணம், கேடுகெட்ட ஒரு கணம், எனக்குப் பெருமையாக இருந்தது. பாட்டை நான் கேட்கவில்லை. முழங்கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருமுறை அதை நகர்த்தினாள், நகரவில்லை, கொஞ்சம் இழுத்து நகர்த்தினாள். அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை, பாடிக்கொண்டே இருந்தாள். குடை, மழை, பஸ் ஸ்டாண்டு. சீக்கிரம் முடியட்டும் என்று ஒரு மனசு, முடியவே வேண்டாம் என்று ஒரு மனசு, அவள் எடுக்காதவரை ஒன்றும் நடக்கவில்லை, இப்படியே சாயங்காலம்வரை பாடட்டும். முடிந்தது. கை தட்டுகிறார்கள். அவள் கிட்டாரைத் தூக்கினாள். தூக்கும்போது புடவையும் கூட எழுந்தது. ஒரு கையளவு பட்டு கிட்டாரின் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மேலே வந்து, பிறகு விட்டது. ஒட்டின பிளாஸ்டிக் தாளை உரிக்கிற மாதிரி ஒரு சத்தம் கேட்டிருக்கும், இவ்வளவு தூரத்தில் கேட்காது, எனக்குக் கேட்டது. குனிந்து பார்த்தாள். பார்த்த உடனே, ஒரு நொடிகூட யோசிக்காமல், பூச்செண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். முழங்கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். நிமிர்ந்து சிரித்தாள். கூட்டத்தில் ஒருவரும் கவனிக்கவில்லை. அதற்குப் பிறகு எடுத்த அத்தனை போட்டோவிலும் பூச்செண்டு அதே இடத்தில் இருந்தது.

பரிசு கொடுக்க வரிசை நிற்கிறது. நான் நழுவிப் பின் வாசல் வழியாகப் போய்விடலாம் என்று பார்த்தேன், சுகிர்தா விடவில்லை, கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். வரிசை நகர்ந்தது. கேட்பாள். இப்போது கேட்பாள், எல்லோர் முன்னாலும், பார்த்தாலே தெரியும்னு சொன்னியளே அண்ணாச்சி என்று, கேட்கட்டும், எனக்கு வேண்டும், கேட்டால் சொல்லிவிடுவேன், மொத்தமும் சொல்லிவிடுவேன், துணி, தின்னர், சுருக்கம், நகம், எல்லாம் வாயில் வரிசையாக வந்து நிற்கிறது. பக்கத்தில் போனதும் மாப்பிள்ளை என் கையைக் குலுக்கினான். பெனிட்டா பூச்செண்டைக் கொஞ்சமும் அசைக்காமல், என் பக்கம் குனிந்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் பேசினாள். கண் நிறைந்திருந்தது.

“அண்ணாச்சி, கோவிச்சுக்கிடாதிய. காயணும்னு நீங்க அன்னைக்கே சொன்னிய. நாந்தான் கேக்காம அவசரப்பட்டுட்டேன். எவ்வளவு அழகாச் செஞ்சு குடுத்தது, உங்க வேலைய நான் கெடுத்துட்டேன்.”

நான் வாயைத் திறந்தேன். பின்னால் ஒரு பெரியவர் பரிசுப் பொட்டலத்தோடு முட்டிக்கொண்டு நின்றார். பூச்செண்டுக்கு அடியிலிருந்து, விரல் அகலத்துக்கு, நீலம் தெரிந்தது.

“பரவாயில்ல பாப்பா,” என்றேன்.

அவள் முகம் தெளிந்தது. “தேங்க்ஸ் அண்ணாச்சி,” என்றாள்.